மூன்றாம் வரிசை, ஏழாம் கல்

காலையில் கண் திறப்பதற்கு முன்பே எனக்குக் கை வலி வந்துவிடும். இருபத்தொன்பது வருடம் குவாரியில் துளை இயந்திரத்தைப் பிடித்த கைகள். விரல்கள் நுனியிலிருந்து வெளுத்து, மெழுகில் செய்தவை போலக் கிடக்கும். வெந்நீரில் முக்கினால் ரத்தம் திரும்பும். திரும்புகிறபோது ஊசியாகக் குத்தும். நடந்தது மே மாதம்தான். ஆனால் செக் நாட்டில் எங்கள் விசோச்சினா மேட்டில் மே மாதக் காலையிலும் புல்லில் பனி உறைந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை இடது கையை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் பெட்டியைத் தேடி யார் யார் வந்தார்கள் என்று பார்க்க.

ஜியோகேஷ் என்பார்கள். ஒருவன் எங்கேயாவது ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, கூடவே ஒரு குறிப்பும் எழுதி இணையத்தில் போடுவான். மற்றவர்கள் தேடி வந்து, பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் நாட்டில் இதற்குப் பைத்தியமாக அலைகிறவர்கள் ஏராளம். எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒருத்தன் தபால்பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பான்.

என் பெட்டி காவ்சின் கோட்டையில் இருந்தது. கோட்டை என்று பெயர்தான், நிற்பது ஒரு வாசலும் அரைக் கோபுரமும். அதற்கு ஒரு கதை உண்டு. அறுநூறு வருடத்துக்கு முன்னால் பூட்டா பிரபு என்பவன் ஹாவெல் என்ற கல் கொத்தனைக் கூட்டிவந்தான். கோபுரம் முடிந்ததும் ஊருக்குப் போகலாம் என்று சொன்னான். கோபுரம் முடிந்தது, மதில் என்றான். மதில் முடிந்தது, தொழுவம் என்றான். பதினோரு வருடம் ஓடியது. கடைசியில் ஹாவெல் ஒருநாள் காணாமல் போனான். போகும்போது ஒரு சொல் விட்டுப் போனான்: ‘உன் சுவரில் ஒரு கல்லை மட்டும் கட்டாமல் சும்மா வைத்திருக்கிறேன். எது என்று எனக்குத்தான் தெரியும்.’ அதற்குப் பிறகு பிரபு சாகும்வரை கோபுரத்துக்குள் படுக்கவில்லை, குதிரை லாயத்தில் படுத்தான் என்பார்கள். எங்கள் குவாரியில் இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கதையை வைத்துத்தான் பெட்டி செய்தேன். வாசலின் இடதுபக்கச் சுவரில், எப்போதோ ஒரு கல் விழுந்து போன பொந்து இருந்தது. அதே கருங்கல்லில் அதே அளவுக்கு ஒரு கல் அறுத்து, பின்பக்கம் குடைந்து, தகர டப்பாவைப் பொருத்தி, பொந்தில் வைத்தேன். பார்த்தால் சுவரோடு சுவர். இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். ‘ஹாவெலின் கல்’ என்று பெயர் வைத்தேன். குறிப்பில் எழுதினேன்: வாசல் விளிம்பிலிருந்து எண்ணுக. மூன்றாம் வரிசை, ஏழாம் கல்.

வியாழக்கிழமை அது இணையத்தில் வெளிவந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பெட்டி தேடுகிறவர்களின் கூட்டம் ஒன்றும் கோட்டையில் வைத்திருந்தோம். அதற்கு முன்பே, சோதித்துப் பார்க்க, என்னோடு குவாரியில் வேலை செய்யும் ஓட்டாவை அனுப்பியிருந்தேன். ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டான். “இவ்வளவு லேசா வெச்சா எப்படிடா? இதைக் குருடனும் எடுப்பான்” என்றான்.

சனிக்கிழமை காலை கைபேசியில் இருந்தது ஒரே ஒரு புதுப் பதிவு. ‘முள்ளெலி’ என்ற பெயரில் தேடுகிறவன், முந்தின நாள் மாலை எழுதியது: ‘மூன்றாம் வரிசை, ஏழாம் கல். கண்டுபிடித்துவிட்டேன். ஆடுகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது. மனுஷன் பிரமாதமாகப் பொருத்தியிருக்கிறார்! நாளை எட்டு மணிக்குச் சின்னக் கடப்பாரையோடு வருகிறேன். பத்து மணிக்குக் கூட்டம் கூடுமுன் என் பெயர் உள்ளே இருக்கும்.’

என் கல் ஆடாது. என் கல்லுக்குக் கடப்பாரை வேண்டாம்.

வெந்நீரிலிருந்து கையை எடுத்தேன். கண்ணை மூடி அந்தச் சுவரை நினைவில் நிறுத்தி எண்ணினேன். அப்போதுதான் தவறு எங்கே என்று தெரிந்தது.

நாங்கள் சுவரை எண்ணுகிறபோது மண்ணுக்குள் இருக்கும் வரிசைதான் ஒன்று. அதுதான் முதலில் வைத்தது, எல்லாவற்றையும் சுமப்பது. வெளியே தெரிகிற முதல் வரிசை எங்களுக்கு இரண்டு. சுவர் வேலை செய்கிற எவனும் இப்படித்தான் எண்ணுவான், யோசிக்கவே மாட்டான். நானும் யோசிக்கவில்லை. ஓட்டாவும் யோசிக்கவில்லை, அதனால்தான் ஒரு நிமிடத்தில் எடுத்தான். ஆனால் பஸ் பிடித்து வருகிறவனுக்கு, புல்லுக்கு மேலே தெரிவதுதான் முதல் வரிசை. அவன் மூன்றாவது என்று எண்ணுவது என் கல்லுக்கு ஒரு வரிசை மேலே.

அங்கே ஏழாம் இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரோ பழைய காலத்தில் உத்தரம் செருகுவதற்காக அங்கே ஒரு பொந்து வெட்டியிருந்தார்கள். அதற்கு மேலே கிடக்கும் நீளக் கல் நடுவில் விரிசல் விட்டது. அதைத் தாங்குவதற்கு வேறொருவன் பொந்துக்குள் ஒரு சின்னக் கல்லை இறுக்கி அடித்துவைத்திருக்கிறான். அந்த நீளக் கல்லுக்கு மேலே வாசல் வளைவின் இடது கால் நிற்கிறது. கூட்டம் அந்த வளைவுக்குக் கீழேதான் உள்ளே வரும். நாற்பது பேர், குழந்தைகள் உட்பட.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘தொட வேண்டாம். அது தவறான கல்.’ அவன் பார்க்கவில்லை. தொலைபேசி எண் கிடையாது, பெயரே தெரியாது. கோட்டைக்கு அடியில் குடியிருக்கும் லுட்மிலாவைக் கூப்பிட்டேன். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்றவள். கோட்டையைப் பராமரிக்கிற சங்கத்துக்கு அவள்தான் தலைவி, சாவியும் அவளிடம்தான்.

“என்ன லிபோர், காலங்காத்தாலேயே? கூட்டத்துக்கு வரமாட்டேன்னு சொல்லப் போறியா?”

“லுட்மிலா, மேலே போ. ஒருத்தன் எட்டு மணிக்கு வருவான். சுவரைத் தொடவிடாதே.”

“நாப்பது பேருக்குப் பன் அடுப்புல இருக்கு. யார் அவன்? சுவரு என்ன, அவன் மாமனார் வீட்டுச் சீதனமா தூக்கிட்டுப் போறதுக்கு?”

“விளையாடாதே. வாசல் பக்கம் பலமில்லை.”

அடுப்புக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். “பலமா இருக்குன்னு நீதானே எழுதிக் கொடுத்தே. பழைய கல் ஒண்ணைக்கூட யாரும் தொடமாட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டே. அதை நம்பித்தானே பெட்டி வைக்க நான் சங்கத்துல பேசி அனுமதி வாங்கினேன்.”

“தெரியும். போ, லுட்மிலா. தயவுசெஞ்சு.”

“ஏன்னு சொல்லு.”

சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ‘குறிப்பைத் தப்பா எழுதிட்டேன்’ என்று ஒரு வரி. ஆனால் அந்தக் கோடையில் கோபுரத்தைச் செப்பனிடும் வேலையைச் சங்கம் என் கையில் கொடுப்பதாக இருந்தது. இலையுதிர் காலத்திலிருந்து குவாரியில் எனக்கு எடைமேடைக் குடிசைதான் என்று டாக்டர் எழுதியாகிவிட்டது. லாரி நம்பர் குறிக்கிற வேலை. மூன்று வரிசையை ஒழுங்காக எண்ணி எழுதத் தெரியாதவனிடம் எவள் கோபுரத்தைக் கொடுப்பாள்?

“வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

வேனில் சுத்தியலும் எஃகு ஆப்புகளும் எப்போதும் கிடக்கும். பதினோரு கிலோமீட்டர். வழியில் ஒரு டிராக்டர் சாணம் ஏற்றிக்கொண்டு நடுவில் போனது. ஹாரனை அடித்தேன். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான், வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் திரும்பவும் வெளுத்துவிட்டன. எட்டு மணி அடித்தபோது இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. அந்த நேரத்தில் நான் கேட்டுக்கொண்டதெல்லாம் அவன் தூங்கிப் போயிருக்க வேண்டும் என்பதுதான்.

மேலே ஏறினபோது லுட்மிலாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது, அவள் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை.

சின்னக் கல் புல்லில் கிடந்தது. பக்கத்தில் கடப்பாரை. நாற்பது வயதிருக்கும் ஒரு தடித்த ஆள் சுவரை ஒட்டி முட்டி போட்டு, வலது கையை முழங்கை வரை பொந்துக்குள் விட்டிருந்தான். நீளக் கல் ஒரு விரல் தடிமன் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பாதியும் நடுவில் மடிந்து, அவன் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

“இவருதான் பெட்டிக்காரர்” என்றாள் லுட்மிலா.

“வணக்கம்” என்றான் அவன். முகம் சுண்ணாம்பாக இருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தான். “நான் ராதிம். முள்ளெலி. உங்க பெட்டி ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்குங்க. கையை விட்டுத் தேடினேன், அது என் கையைப் பிடிச்சுக்கிச்சு.”

“விரல் ஆடுதா?”

“ரெண்டு ஆடுது. மத்ததைப் பத்தித் தகவல் இல்லை.”

“இழுக்காதே. மூச்சைக்கூட மெதுவா விடு.”

“நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அந்த அம்மா சொல்லிட்டாங்க. இழுத்தா அறைஞ்சுடுவேன்னாங்க.”

வளைவின் இடது காலிலிருந்து மணல் இறங்கிக்கொண்டிருந்தது. மாவு சலிக்கிற மாதிரி, மெலிசாக, நிற்காமல். கல் விழுவதற்கு முன்னால் சத்தம் போடாது, மணல்தான் இறங்கும். பிறகு மணல் நிற்கும். நின்ற பிறகுதான் விழும்.

“ஆம்புலன்ஸ், தீயணைப்பு ரெண்டும் கூப்பிட்டேன். அரை மணி நேரம்னாங்க” என்றாள் லுட்மிலா.

அரை மணி நேரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கலாம், ஆனால் ஒரு பாதியைத் தூக்கினால் மற்ற பாதி அவன் கைமேல் இறங்கும். இரண்டு பாதிக்கும் அடியில் ஒரே சமயத்தில் ஏற்ற வேண்டும். கையின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக ஆப்பு. இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒன்று முந்தினால் போச்சு.

இந்த வேலையை நான் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன், கல்லைப் பிளப்பதற்கு. ஆப்பில் இடது கை விரலை வைத்திருந்தால் அது பிடிக்கிறதா, சும்மா நழுவுகிறதா என்று விரல் சொல்லிவிடும். அன்றைக்கு விரல் ஒன்றும் சொல்லவில்லை. மரக்கட்டை. முதல் ஆப்பை வைத்துத் தட்டினேன். பிடித்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

“லுட்மிலா, இங்க வா. உள்ளங்கையை அந்தக் கல்லுல வை. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.”

“வளைவுக்குக் கீழேயா?”

“ஆமா.”

தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். பிறகு ஏப்ரனைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். மாவு ஒட்டின கைகள்.

“என்ன தெரியணும்?”

“நான் தட்டறப்போ உள்ளே ஒரு அதிர்வு வரும். எந்தக் கைக்கு வருதுன்னு சொல்லு.”

தட்டினேன். “வலது” என்றாள். மறுபக்கம் தட்டினேன். “ஒண்ணும் இல்ல.” திரும்பவும். “ஒண்ணும் இல்ல. இரு, இப்போ இருக்கு. இடது.”

அப்படியே போனது. வலது, இடது, வலது, இல்ல, வலது. ராதிம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தான். சுத்தியல் அவன் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது.

“பேசலாமா?” என்றான்.

“பேசு.”

“நான் டிராலி பஸ் ஓட்டறேன். இந்தக் கை இல்லாம கதவு திறக்கிற பொத்தானை அமுக்க முடியாது. ஜனங்க உள்ளயே இருக்க வேண்டியதுதான்.”

“வாயை மூடு, தம்பி” என்றாள் லுட்மிலா. “இடது, லிபோர். இடது பலமா இருக்கு. போதும் இடது.”

மணல் நின்றது.

மூன்று பேருக்கும் அது கேட்டது. கேட்காமல் போனதுதான் கேட்டது. நான் வலது ஆப்பில் கடைசியாக ஒன்று வைத்தேன். நினைத்ததைவிட ஓங்கி வைத்துவிட்டேன். மேலே எங்கேயோ கல்லோடு கல் உரசியது. நீளக் கல் ஒரு நூல் மேலே போனது.

“இப்போ இழு!”

கை வந்தது. அவன் பின்னால் சாய்ந்து விழுந்தான். லுட்மிலாவின் இடுப்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நானும் விழுந்தேன். புல்லில் மூன்று பேரும் கிடந்தோம். சுவர் விழவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தோம், விழவில்லை.

மணிக்கட்டு இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை. மூன்று விரல்கள் வீங்கி நீலமாகிவிட்டன. ஏப்ரனைக் கிழித்துக் கட்டினோம். கட்டுகிறபோது ராதிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிருங்க” என்றான். “உங்க சுவரைக் கெடுத்துட்டேன்.”

“என் சுவர் இல்ல.”

“மூணு வரைக்கும் எண்ணத் தெரியல எனக்கு. எங்கேயோ தப்பா எண்ணியிருக்கேன். மூணாவது வரிசைன்னுதானே நீங்க...”

“மூணோ ரெண்டோ, கடப்பாரை எடுத்துட்டு வந்தா கோட்டைக்கு வருவாங்க?” என்று லுட்மிலா அவன்மேல் பாய்ந்தாள். பயம் போனதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்து வருஷமா வாரா வாரம் புல்லு பிடுங்கறேன் இங்க. உன்னை மாதிரி ஒருத்தன் போதும், அரை மணி நேரத்துல எல்லாத்தையும் மண்ணாக்க.”

“ஆமாங்க” என்றான் ராதிம். “ஆமாங்க, என் தப்புதான்.”

நான் கட்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் அடிவாரத்தில்தான் நின்றது. தூக்கிக்கொண்டு இறங்கினோம். கூட்டத்துக்கு முன்கூட்டியே வந்தவர்கள் பைகளோடும் தெர்மாஸ்களோடும் கீழேயே நின்றிருந்தார்கள். லுட்மிலா அவர்களிடம் பேசப் போனாள். தீயணைப்புக்காரர்கள் வளைவுக்கு முட்டுக்கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வேனுக்குப் பின்னால் போய் நின்று கைபேசியை எடுத்தேன். பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். ‘மூன்றாம் வரிசை’ என்பதை அழித்து ‘இரண்டாம் வரிசை’ என்று போட்டேன். வெளுத்த விரலுக்குத் திரை பணியவில்லை. மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது. மூன்று தடவையும் அமுக்கினேன். கூடவே, காலையில் அவனுக்கு அனுப்பியிருந்த செய்தியின் கீழே இன்னொன்று எழுதினேன்: ‘சீக்கிரம் குணமாகுங்கள்.’

திங்கட்கிழமை குவாரியில் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கேள்விப்பட்டேன். டேய், நீ மூணாம் வரிசைன்னுதானே போட்டிருந்தே?”

“ரெண்டு.”

“நான் போனப்போ மூணு.”

“ரெண்டுடா. போய்ப் பாரு, இருக்கு.”

ஓட்டா ரொட்டியைக் கொஞ்ச நேரம் மென்றான். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு, மிச்சத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு, வேறு கல்லில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசுகிறான், வேலைப் பேச்சு மட்டும்.

சங்கம் கோபுர வேலையை எனக்கே கொடுத்தது. கல்லைப் பார்த்து உயிரைக் காப்பாற்றியவன் என்று லுட்மிலா கூட்டத்தில் எழுந்து பேசினாளாம். இனிமேல் கோட்டைக்குள் பெட்டி எதுவும் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ராதிமுக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போனது: காவ்சின் கோட்டைக்குள் அவன் நுழையக் கூடாது. நானும் சங்கத்தில் இருக்கிறேன். எல்லோரும் கையைத் தூக்கினபோது நானும் தூக்கினேன்.

ஜூன் முதல் வாரத்தில் பெட்டியின் பக்கத்தில் அவன் இடது கையால் தட்டி எழுதிய பதிவு வந்தது. எழுத்துப் பிழை நிறைய இருந்தது.

‘இன்று திரும்பவும் குறிப்பைப் படித்தேன். இரண்டாம் வரிசை என்று தெளிவாக இருக்கிறது. எனக்கு எப்படி மூன்று என்று தெரிந்ததோ கடவுளுக்கே வெளிச்சம். மனைவி கண் டாக்டரிடம் போ என்கிறாள். ஓட்டுநர் வேலைக்குக் கண் முக்கியம், அதனால் போகத்தான் போகிறேன். கை சரியாக இன்னும் நான்கு மாதம் ஆகும், அதுவரைக்கும் பஸ் டிப்போவில் தொலைந்த சாமான் அறையில் குடைகளுக்குச் சீட்டு கட்டுகிறேன். பெட்டிக்காரருக்கு என் நன்றி, என் மன்னிப்பு. இதுவரை நான் தேடினதில் இதுதான் சிறந்த பெட்டி. நான் பார்க்காவிட்டாலும்.’

பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவை அவன் வேலை செய்யும் ஊருக்கே போய், டிப்போவுக்கு எதிரே வேனை நிறுத்தி, ஜன்னல் வழியே அவன் ஒரு கிழவிக்குக் குடை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வலது கையில் கட்டு. இடது கையால் அவள் முன்னால் கையெழுத்துத் தாளை நகர்த்தினான். அவள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

ராதிமுக்கு நான் தர வேண்டியது ஒரு வரி: ‘நீ சரியாகத்தான் எண்ணினாய், தப்பாக எழுதியதும் பிறகு மாற்றியதும் நான்.’ இன்றுவரை தரவில்லை.